மகத்துக்கு மாரிமுத்துவைக் கூட்டிப்போனது

மாசி 10, செவ்வாய்

நல்ல பனி. கீழ்வேளூரில் ஆறரை பஸ், கும்பகோணம் வர ஒன்பது. கூட வந்தவன் மாரிமுத்து, நான் கணக்கெழுதும் பண்ணையின் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவன். சத்திரத்தில் எனக்கு உள்ளே இடம், அவனுக்குத் தாழ்வாரம். மகத்துக்கு மூன்று நாள் இருக்கிறது, அதற்குள் தள்ளுமுள்ளு.

கிளம்பும்போது மிராசுதார் சொன்னது: "அவனுக்குக் கோயிலெல்லாம் காட்டுங்க, கணக்குப்பிள்ளை. மகத்தன்னிக்குக் குளத்துல முழுகிட்டு, சாயந்திரமா வந்தாப் போதும்." வெற்றுத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். இருபது வருஷமாகப் போடுகிற கைதானே.

வெள்ளிக்கிழமை மகம். அன்று பதினொரு மணிக்குத் தாசில்தார் வயலுக்கு வருகிறார். புதுச் சட்டம். உழுகிறவன் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் அவனை யாரும் வெளியேற்ற முடியாது. மாரிமுத்துவுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு அவன் ஊரில் இருக்கக்கூடாது என்றுதான் இந்த யாத்திரை. எனக்குத் தெரியும்.

புதன்

கும்பேஸ்வரர். சாரங்கபாணி.

கோபுர வாசலில் நின்றுவிட்டான். "நான் இங்கயே நிக்கிறேங்க." எல்லாரும் கோயிலுக்குள்ள வரலாம்னு சட்டம் வந்து எத்தனை காலமாச்சு, வா என்றேன். கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

சாரங்கபாணி சன்னிதி தேர் மாதிரி, கல் சக்கரம், கல் குதிரை. வண்டிக்காரன் புத்தி, குனிந்து அச்சாணியைத் தேடினான். சிரித்துவிட்டேன். அவனும்.

அர்ச்சனைத் தட்டு. அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். மிராசுதார் வீட்டில் ஒருத்தர் விடாமல் சொன்னான். பிறகு என் பெயர். நட்சத்திரம் என்னைக் கேட்டுச் சொன்னான்.

"உன் பேருக்கு?"

"எனக்கென்னங்க. நீங்கள்லாம் நல்லா இருந்தா நெலம் எங்கிட்ட இருக்கும்."



வாங்க வேண்டியது: சீவல், விளக்குத்திரி, மூத்த பெண்ணுக்கு வளையல்.

வியாழன்

நாகேஸ்வரன் கோயில். ராமசாமி கோயில். தூண் ஒவ்வொன்றும் பார்க்கப் பார்க்கத் தீரவில்லை. கால் வலி.

மண்டபத்தில் உட்கார்ந்தோம். கோடை உழவுக்கு முன்னால் மேலண்டை வரப்பை உயர்த்த வேண்டுமாம். எந்த மூலையில் தண்ணீர் கசிகிறது என்று தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினான். தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். தாசில்தார், வெள்ளிக்கிழமை, இந்த யாத்திரை. வெற்றுத் தாளை மட்டும் விட்டுவிட்டேன்.

திட்டுவான் என்று நினைத்தேன். துண்டை உதறித் தோளில் போட்டான்.

"நான் உழுதேன்னு நானே சொன்னா எடுபடுங்களா? ரசீது ஒண்ணு கையில இல்ல. களத்துல நெல்லை அளந்தது நீங்கதானே. நீங்களும் வாங்க."

எழுந்து அடுத்த தூணைப் பார்க்கப் போனேன். குடியிருக்கும் வீடு பண்ணையுடையது. இரண்டு பெண்கள். கோழைதான் நான்.

வெள்ளி, மகம்

விடியும்போதே மாரிமுத்து முதல் பஸ்ஸில் போய்விட்டான். தாழ்வாரம் காலி.

குளத்தில் முழுகினேன். ஜனம். கும்பேஸ்வரருக்கு ஓடி, மாரிமுத்து பெயருக்கு அர்ச்சனை. நட்சத்திரம் கேட்டார்கள். இருபது வருஷம் அவன் நெல்லை அளந்திருக்கிறேன், நட்சத்திரம் தெரியாது. விபூதிப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே பஸ் ஸ்டாண்டு.

வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். வேட்டி இன்னும் ஈரம். வரப்பில் நாற்காலி போட்டுத் தாசில்தார். மிராசுதாருக்கு என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதோ அவரே வந்துட்டாரே! இது நீங்க எழுதிக் கொடுத்ததுதானே?"

செவ்வாய்க்கிழமைத் தாள். 'பண்ணையின் சொந்தச் சாகுபடி, குத்தகைதாரர் எவரும் இல்லை.' கீழே என் கையெழுத்து. நான் வருமுன் அதை மாரிமுத்துவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். வாய்க்காலோரம் நின்றுகொண்டிருந்தான்.

"கையெழுத்து என்னுதுங்க. அதுல எழுதியிருக்கிறது பொய். உழுகிறது மாரிமுத்து."

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் தாசில்தார். மறுபடி அதையே சொன்னேன். எழுதிக்கொண்டார். மிராசுதார் என்னைப் பார்க்காமலே, "திங்கக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்றார்.

எல்லாரும் போனபின் மாரிமுத்துவிடம் பொட்டலத்தை நீட்டினேன். உன் பேருக்குத்தான் அர்ச்சனை என்றேன்.

"அந்தத் தாள்ல எப்பங்க கையெழுத்துப் போட்டீங்க?"

கிளம்பின அன்றைக்கு என்றேன்.

வாங்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலண்டை வரப்புக்குப் போய்விட்டான். பொட்டலம் இன்னும் சட்டைப் பையில். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.