பேச்சி எடுத்துவந்த துப்பாக்கி

6 ஆகஸ்ட் 1984, திங்கள்

காலையிலிருந்து ஆடிக்காற்று. விடுதி முற்றமெல்லாம் புழுதி. காயப்போட்ட சேலை பறந்து போய் வேப்பமரத்தில்.

வேலைகள்: மெஸ்ஸுக்கு அரிசி சொல்ல. மூன்றாம் ஆண்டு விடைத்தாள். பல் டாக்டர் (மறுபடி தள்ளிப் போட்டாயிற்று).

முற்பகல் என்.சி.சி. லாரி வந்தது. ரைபிள்கள் எல்லாம் போய்விட்டன. இனி கல்லூரிகளில் ஆயுதம் வைக்கக்கூடாதாம், புது உத்தரவு. ரோஸ்லின் (பிசிக்ஸ் எடுப்பவள், என்.சி.சி.யும் அவள் பொறுப்பு) ஒவ்வொன்றாக எண் பார்த்து ஏற்றிவிட்டாள். பிறகு காலி அறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். “பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி நிக்கிறே” என்றேன். முறைத்தாள். சுதந்திர தின அணிவகுப்புக்கு மரக்கட்டை ரைபிளாம்.

மாலை பிரின்சிபால் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். அதே உத்தரவின் இரண்டாம் பக்கம். லைசென்ஸ் இருந்தாலும் வளாகத்துக்குள் துப்பாக்கி கூடாது. முன்பு இந்தக் கெடுபிடி இல்லை. நம் காவல்காரரே ஒற்றைக் குழல் துப்பாக்கியோடுதான் சுற்றுவார். அதையும் ஒப்படைத்தாயிற்று. விடுதி அறைகளைச் சோதித்து, ஆயுதம் எதுவும் இல்லையென்று சனிக்கிழமைக்குள் துணைக் காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது நான்.

“பொம்பளைப் பிள்ளைக ஹாஸ்டல்ல துப்பாக்கியாம்மா?” என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

7, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. அறைச் சோதனை. பிடிபட்டவை: மின் அடுப்பு, மாவடு ஜாடி, நடிகர் படங்கள், மாடியில் ஒரு பூனைக்குட்டி (பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்).

கடைசி அறையில் பேச்சியம்மாள். இரண்டாம் ஆண்டு கெமிஸ்ட்ரி. உசிலம்பட்டிப் பக்கம். அதிகம் பேசாத பெண். தை மாதம் தாய் தவறிவிட்டாள். அவள் படுக்கைச் சுருளில் கை வைத்தேன்.

“அது வேணாம் மிஸ்.”

குரலே சரியில்லை. அறைத் தோழிகளை வெளியே அனுப்பினேன். அவளே கயிற்றை அவிழ்த்தாள். ஜமக்காளம், தலையணை, அதற்குள் ஒரு பழைய சுங்குடிச் சேலை. சேலைக்குள் துப்பாக்கி. குழல் தனி, கட்டை தனி.

கேட்டது இவ்வளவுதான்: “யாரோடது?”

“அய்யாவோடது. லைசென்சு இருக்கு மிஸ். பன்னிக்காவலுக்கு வாங்குனது.”

“நீ ஏன் எடுத்துட்டு வந்தே?”

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன்ல. விடியக்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன். பம்புசெட் ரூமுக்குள்ள அய்யா உக்காந்திருந்தாரு. துப்பாக்கி மடியில. குழல் நாடிக்குக் கீழ. என்னயப் பாத்ததும் பன்னி வந்துச்சுன்னாரு. நெலத்துல பயிரே இல்ல மிஸ். பன்னி எதுக்கு வரும்?”

தோட்டாக்களைக் கிணற்றில் போட்டிருக்கிறாள். துப்பாக்கியையும் போட்டிருப்பாளாம். “அய்யா பேருல இருக்கு. காணோம்னா அவரத்தான புடிப்பாக?” அப்பா துடைக்கும்போது பார்த்துப் பழகியிருந்ததால் கழற்றத் தெரிந்திருக்கிறது. படுக்கையில் சுருட்டி, பஸ் கூரையில் போட்டு, மதுரை வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். பத்தொன்பது வயது.

உடனே மேலே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. துப்பாக்கி என் கட்டிலுக்கடியில். பேச்சியை என் அறையிலேயே படுக்கச் சொல்லிவிட்டேன். படுத்ததும் தூங்கிவிட்டாள், இத்தனை நாள் தூங்காதவள் மாதிரி.

8, புதன்

காலையிலேயே ரோஸ்லினிடம் சொன்னேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

“லைசென்ஸ்காரர் கையில இருந்தா துப்பாக்கி. மத்தவங்க கையில இருந்தா கேஸ். நேத்து வரைக்கும் அவ மேல. இப்ப உம்மேலயும்.”

“என்ன செய்யலாம்?”

“பிரின்சிபால்கிட்டப் போகலாம். எனக்கும் பயமாத்தான் இருக்கு. வா.”

கூடவே வந்தாள். அவள் வந்திருக்கத் தேவையில்லை.

பிரின்சிபால் அம்மா கடைசி வரை கேட்டார், குறுக்கே பேசாமல். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். போலீசுக்குப் போன் பண்ணப் போகிறார் என்று நினைத்தேன்.

“தாய் இல்லாத பொண்ணு. அப்பாவைக் காப்பாத்த எடுத்துட்டு வந்திருக்கு. அதைக் கோர்ட்டுல நிறுத்தணுமா?”

மேசை மேலிருந்த உத்தரவை எடுத்துப் பார்த்தார்.

“கையெழுத்து என்னைக்கு?”

“சனிக்கிழமைம்மா.”

“சனிக்கிழமை போடுற கையெழுத்து சனிக்கிழமை உண்மையா இருந்தாப் போதும். அவ அப்பாவை வரச் சொல்லுங்க, லைசென்ஸ் புத்தகத்தோட. அவர் பொருளை அவர் கையில குடுத்து, அவரே ஸ்டேஷன்ல ஒப்படைக்கட்டும். யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

சுருளை ரோஸ்லினின் காலி ரைபிள் அறையில் வைத்துப் பூட்டினோம். தந்தி கொடுக்கலாம் என்றேன். பேச்சி பதறிவிட்டாள். “எங்கூருக்குத் தந்தி வந்தா சாவுன்னுதான் நெனப்பாக மிஸ். அய்யாவுக்கு ஆகாது.” சரி, நேரில் போய்விடுவது.

வெளியே வந்ததும் ரோஸ்லின் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, “பரேடுக்கு மரக்கட்டைக்குப் பெயின்ட் வாங்கணும்” என்று திருநகர் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

9, வியாழன்

பேச்சியோடு அவள் ஊருக்கு. நல்ல வெயில். செக்கானூரணி வரை நின்றுகொண்டே பயணம். இறங்கி மண்பாதையில் நடக்கும்போது பேச்சி, “மிஸ், அய்யா இருப்பாருல?”

கையைப் பிடித்துக்கொண்டேன்.

இருந்தார். ஒச்சப்பன். வரப்பில் முள் வெட்டிக்கொண்டிருந்தார். நல்ல உயரம். பல நாள் தாடி. மகளையும் கூட ஒரு பெண்பிள்ளையையும் பார்த்ததும் அரிவாளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“என்ன ஆத்தா? மேலுக்கு முடியலையா? காலேசுல எதும் சொல்லிட்டாகளா?”

“ஒண்ணுமில்லய்யா. இவுக எங்க ஹாஸ்டல் மிஸ்.”

“வாங்க டீச்சரம்மா, நெழலுக்கு வாங்க.”

பூவரச மரத்தடி. சொம்பில் தண்ணீர். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சி சொல்லிவிட்டாள்.

“அய்யா, துப்பாக்கி எங்கிட்டத்தான் இருக்கு.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“களவாணிப்பய எடுத்தா தோட்டாவக் கெணத்துல போட்டுட்டா போவான்? நீ பஸ் ஏறுன அன்னைக்கே தெரியும். தலையாரி வந்து, ஸ்டேசன்ல எல்லாத் துப்பாக்கியவும் காட்டணும்னு சொன்னான். ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லிட்டேன்.”

“அப்பறம் ஏன்யா எங்கிட்டக் கேக்கல?”

துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“கேட்டா, ஏன் எடுத்தேன்னு நீ சொல்லணும்ல ஆத்தா. அத உன் வாயால கேக்கப் பயந்துக்கிட்டேன்.”

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். காதில் விழுந்தது ஒன்று: “அது வீட்ல இல்லாமப் போனதுல இருந்துதான் நான் தூங்குறேன்.”

திரும்பி வந்தபோது இருவர் முகமும் வீங்கியிருந்தது. சாப்பிடாமல் விடவில்லை. சாப்பாடு அவர் தம்பி வீட்டில், பக்கத்து வீடுதான். கம்மஞ்சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வெங்காயம். இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டேன். ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று அவரிடம் நேராகவே கேட்டேன். சுற்றிவளைக்கத் தெரியவில்லை.

“தம்பி வீட்டு முத்தத்துல. பிள்ளைக மேல உருளுதுக.”

இத்தனைக்கும் நடுவில் லேசாகச் சிரித்தார்.

10, வெள்ளி

ஒச்சப்பன் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். வேட்டியில் கசங்கல் இல்லை. மஞ்சள் பையில் லைசென்ஸ் புத்தகம். ரோஸ்லின் எண்ணைச் சரிபார்த்தாள். சரி. ரைபிள் அறையில் வைத்து அவர் கையில் கொடுத்தோம். குழலையும் கட்டையையும் வாங்கியவர் இரண்டையும் பொருத்தவில்லை. சுங்குடிச் சேலையை மட்டும் தனியே மடித்து மகளிடம் நீட்டினார்.

“உங்கம்மா சேலைய இதுக்கா சுத்துவ?”

“வேற எது அய்யா எங்கிட்ட இருக்கு?”

அவர் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டார்.

பிரின்சிபால் அம்மா வேனைக் கொடுத்தார். “பஸ்ஸுல வேணாம்.” வேனில் அவர், பேச்சி, நான், டிரைவர். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில், சாக்கு இருவர் கால் நடுவே. வழியில் டிரைவர் மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். நல்லதாகப் போயிற்று.

அவர் ஊர்ப் பக்கத்து ஸ்டேஷன். எழுத்தர் புத்தகத்தைப் புரட்டினார்.

“ரிப்பேர்னு சொன்னீரே, சரியாயிருச்சா?”

“சரியாயிருச்சுங்க.”

“சோதிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துருவோம். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிடும்.”

“வேணாங்க. நீங்களே வச்சுக்கங்க. லைசென்சும் வேணாம்.”

“பன்னி வந்தா என்னய்யா செய்வீரு?”

“தகர டப்பா தட்டிக்கிறேங்க.”

எழுத்தர் சிரித்தார். எழுதித் தரச் சொன்னார். மனுவைப் பேச்சி எழுதினாள், அவர் கையெழுத்துப் போட்டார். பேச்சி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து டீ. பெரியாஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார், ஒரு தடவை பேசிப் பார்க்கலாமா என்றேன். “பேசுனாத் தீருமா டீச்சரம்மா?” என்றார். “தெரியலை. பேசாம இருந்தும் தீரலையே” என்றேன். யோசித்துவிட்டு, “பாப்பம்” என்றார்.

ஊர் விலக்கில் இறங்கிக்கொண்டார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மகளிடம்: “வர்ற வெள்ளிக்கிழம உன்னயக் கூட்டிட்டுப் போக நானே வாரேன்.”

“நெசமா வருவீகளா?”

“வாரேன்னு சொல்லிட்டேன்ல.”

11, சனி

கையெழுத்துப் போட்டேன். உண்மைதான்.

15, புதன்

கொடியேற்றம். அணிவகுப்பு நன்றாகவே இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மரக்கட்டை என்று தெரியவில்லை. ரோஸ்லினுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பேச்சி மிட்டாயைத் தின்னாமல் வைத்திருந்தாள். சித்தப்பா பிள்ளைகளுக்காம். வெள்ளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

17, வெள்ளி

பகலில் கொஞ்சம் தூறல். கறிகாய் வரவில்லை, ரசத்தோடு சமாளித்தோம்.

வகுப்பு முடிந்ததிலிருந்து பேச்சி கேட்டில். பை, தாயின் சேலை, மிட்டாய்ப் பொட்டலம். மற்ற பெண்களின் வீட்டார் எல்லாரும் வந்து போய்விட்டார்கள். கோச்சடைப் பக்கம் மில் சங்கு ஊதியது. ஆள் வரவில்லை. உள்ளே வந்து உட்கார் என்றேன். “இருக்கேன் மிஸ்.” காவல்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். உட்காரவில்லை. நானும் ஏதோ வேலை இருக்கிற மாதிரி கேட்டருகே நடந்துகொண்டிருந்தேன். விளக்குப் போட்டாயிற்று. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊரில் போன் எங்கே இருக்கிறது, யாரைப் பிடிப்பது, வேன் இருக்கிறதா என்று என் மனசு எங்கெங்கோ.

அப்போது ரோட்டில் ஒரு உருவம், வேகு வேகு என்று. சட்டையில் கிரீஸ். தாடி இல்லாததால் எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“பஸ்ஸு வழியில நின்னுபோச்சு ஆத்தா. எறங்கித் தள்ள…”

“எம்புட்டு நேரமா நிக்கிறேன்! வாரேன்னு சொன்னா வர வேணாமா? மனுசருக்கு அறிவு வேணாமா?”

வளாகமே திரும்பிப் பார்க்கக் கத்துகிறாள், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அந்த உயரமான மனிதர் தலையைக் குனிந்துகொண்டு அவள் முன்னால் நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

“திட்டு ஆத்தா. நல்லாத் திட்டு.”