நைனா பெயரில் வந்த அட்டைகள்

என் ஏழுமலை அண்ணாவுக்கு,

நேற்று மதியம் கண் அசந்த நேரத்தில் நீ வந்தாய். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மடியில் மல்லாட்டைப் பிண்ணாக்கு மூட்டையோடு சன்னலோரம் உட்கார்ந்து என்னவோ சொன்னாய், ரயில் சத்தத்தில் காதில் விழவில்லை. விழித்த பிறகும் அறையில் பிண்ணாக்கு வாசனை இருந்ததுபோல் பட்டது. நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. அங்கேயும் மூட்டை சுமக்கிறாயா அண்ணா?

சென்னையில் எலிகளை வளர்த்து நீ செய்த ஆராய்ச்சி எனக்கு முழுதாகப் புரிந்ததில்லை. கெடாரில் நம் கொல்லையில் விளைந்த, சென்னையில் வேர்க்கடலை என்கிற மல்லாட்டை, அதன் பிண்ணாக்கு, அதைத் தின்ற எலி, எலியின் ஈரலில் சேர்ந்த கொழுப்பு. "வளர்சிதை மாற்றம்னா வேற ஒண்ணுமில்ல கமலா. தின்னது எப்படி நாமளா ஆவுதுன்னு பாக்கறதுதான்" என்பாய். இன்றும் சோற்றில் கை வைக்கும்போது சில நாள் அந்தக் குரல் கேட்கிறது.

உன் முதல் கட்டுரையை டைப் அடித்தது நான்தான். திண்டிவனத்தில் வக்கீல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டுப் பத்திரிகையின் படிவத்தில் உன் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. நமக்கேது குடும்பப் பெயர்? எலிகளை விட்டு உன்னால் வர முடியவில்லை. நைனாவைக் கேட்டேன்.

"இன்னாம்மா கேள்வி இது? முனுசாமி வூடுன்னுதானே ஊரே சொல்லுது. என் பேரைப் போடு" என்றார். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்படியே அடித்து, கெடார் விலாசம் போட்டு அனுப்பிவிட்டேன்.

அந்த நாட்டுக்காரர்கள் ஆளைக் குடும்பப் பெயரால்தான் குறிப்பிடுவார்களாம். உன் கண்டுபிடிப்பை எடுத்து எழுதியவர்கள் எல்லோரும் அடிக்குறிப்பில் முனுசாமி என்றே போட்டார்கள். கட்டுரையின் பிரதி கேட்டு வந்த அட்டைகளிலும் டாக்டர் முனுசாமி. அடுத்து எழுதியவற்றில் நீ ஏழுமலை என்றே போட, உலகத்துக்கு நீங்கள் இரண்டு பேர் ஆனீர்கள். அதில் புகழ் பெற்றவர் கெடாரில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் வேலைக்கு நேர்காணல் போனாயே. "முனுசாமி கட்டுரையைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுறாங்க. உங்களுதை யாரும் சொல்லக் காணோமே" என்றார்களாம். "அந்த முனுசாமி எங்க வூட்லதான் சார் இருக்காரு" என்றாயாம். கிண்டல் என்று நினைத்தார்கள். எழுதியது நீதான் என்று விளக்கியும் நம்பவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது.

அந்த வாரமே திருத்தம் கேட்டுக் கடிதம் அடித்து உன்னிடம் நீட்டினேன். நீ பேனாவை எடுக்கவே இல்லை. "இருக்கட்டும் கமலா. அட்டை வந்தா நைனா மூஞ்சைப் பாரு. கொல்லையும் அவருது, மல்லாட்டையும் அவருது" என்றாய். உனக்கு வலிக்கவில்லையா? என் அவசரம் உன் வேலையைக் கெடுத்தது. ஒரு நாளும் நீ சொல்லிக்காட்டவில்லை, அதனால்தான் எனக்கு ஆறவே இல்லை.

போன வாரம் மறுபடி ஓர் அட்டை வந்தது. தபால்தலையில் ஏதோ நீலப் பறவை. 'டாக்டர் முனுசாமி, இப்போது என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தது. நைனாவுக்குப் படித்துக் காட்டும்போது அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் மறைத்த நேர்காணல் கதையையும் சொல்லிவிட்டேன்.

அவர் அட்டையைத் துண்டால் துடைத்தபடி இருந்தார். "மாத்தி எழுதும்மா. புள்ள பாடுபட்டதை அப்பன் வெச்சுக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அண்ணன் வேணாம்னு சொல்லிச்சு நைனா."

"அவன் அப்படித்தான் சொல்லுவான். நீ எழுது."

கட்டுரை வந்த பத்திரிகைக்கே எழுதினேன். 'முனுசாமி என்பது நான். நான் விவசாயி. அந்தக் கட்டுரையை எழுதியவன் என் மகன் ஏழுமலை.' அதன் கீழே நைனா கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். விழுப்புரம் வரை வந்து, ரயிலில் தபால் கொண்டுபோகும் பெட்டியின் துளையில் தன் கையாலேயே போட்டார்.

ரயில் போன பிறகும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இனிமே என் பேர்ல அட்டை வராதில்ல?" என்றார்.

"வராது நைனா. அண்ணன் பேர்ல வரும்."

"அப்ப தபால்காரரு வாசல்ல நின்னு அவன் பேரைச் சொல்லிக் கூப்புடுவாரு இல்ல?"

கூப்பிடுவார் அண்ணா. எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து போய், உனக்குப் பதிலாக நான் குரல் கொடுப்பேன்.

உன் பெயரைத் தப்பான கட்டத்தில் அடித்த தங்கை,
கமலா