அனுப்புநரும் நான், பெறுநரும் நான்

மச்சான், இன்று காலை கிள்ளான் வீட்டுக் கேட்டில் தபால்காரர் ஒரு உறையைச் செருகிவிட்டுப் போனார். மேலே என் பெயர், என் கையெழுத்து. உடனே உனக்குப் போன் செய்யத்தான் கை போனது. நீ தீபாவளிக்கு முன்பே போய்விட்டாய் என்பது அப்புறம்தான் புத்தியில் ஏறியது.

போன வருஷம் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடி, நம்மைப்போல் குடியை விட வந்தவர்கள் கூடும் அந்த அறை. ஆலோசகர் மிஸ் ஆளுக்கொரு தாளும் உறையும் கொடுத்தார். "அடுத்த வருஷம் இருக்கப்போற உங்களுக்கு நீங்களே எழுதுங்க. நான் தபால்ல போடுறேன்" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தமிழ்ப்பள்ளியில் படித்த கடிதம்தான். அனுப்புநர் என்று என் பெயர், பெறுநர் என்று மறுபடியும் என் பெயர். 'இங்கு நான் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்' என்று அழகாகத் தொடங்கினேன்.

நீ எட்டிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாய். "நலமா? பொண்டாட்டி லோரி சாவிய புடுங்கி வச்சிருக்கா, கை இந்த நடுக்கம் நடுங்குது, நலமாம். உனக்கே பொய் எழுதுறியே லா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அதை அடித்துவிட்டு எழுதினேன்: 'இங்கு நான் நலமாக இல்லை. நீயாவது நலமா?' அதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை.

ரயிலுக்கு நடக்கும்போது நீ ஒரு நிபந்தனை போட்டாய். "லெட்டர் வர்றப்ப குடிச்சிருந்தா பிரிக்கக்கூடாது மச்சான். அப்படியே கிழிச்சுப் போட்டுடணும், சரியா?" அந்தப் பேச்சு எத்தனை சாயங்காலம் என்னைச் சாராயக்கடை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது தெரியுமா? திரும்பியதும் உனக்குத்தான் போன் செய்து கத்துவேன். உனக்கு முடியாத நாளில் நீ எனக்குச் செய்வாய்.

நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோன அன்று, வந்தவர்களிடமெல்லாம் காஜாங்கில் இருக்கும் உன் அக்கா சொன்னது ஒன்றுதான். "என் தம்பி குடிய விட்டுட்டுத்தான் போனான்." அழுதுகொண்டே தலைநிமிர்ந்து சொன்னார். நீ ஜெயித்துவிட்டாய்டா.

இன்று நான் உறையைப் பிரித்தேன் மச்சான். தைரியமாகப் பிரித்தேன். இப்போதெல்லாம் லோரி சாவியைத் தானே எடுத்துக் கொடுக்கிற என் மனைவியைக் கூப்பிட்டு, உரக்கப் படித்துக் காட்டினேன். 'நீயாவது நலமா?' என்ற இடம் வந்ததும் அவள் பேனாவை நீட்டினாள்.

"கேட்டிருக்கீங்கல்ல, பதில் எழுதுங்க."

கை நடுங்கவில்லை. பொய் எழுதுகிறேனா என்று நீ தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பது போலவே இருந்தது. நன்றாகப் பார்த்துக்கொள். அன்று அடித்த அதே வரியை, அதே தாளில், அதற்குக் கீழேயே எழுதினேன்: இங்கு நான் நலம்.