கனிஷ்கா காலில் விழாத காரணம்

எருமப்பட்டி
ஆவணி 20

அன்பு மகன் தீனதயாளனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை கனிஷ்காவும் சுகம், பண்ணையில் கோழிகளும் சுகம். சத்தீஸ்கரில் போர் போடும் ரிக் வண்டியோடு அலையும் நீயும் உன் ஆட்களும் சுகமாக இருக்க வேண்டும். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன். போனில் நான் பேச ஆரம்பித்தால் உனக்கு டவர் போய்விடுகிறது, கடிதத்தில் போகாது, கடைசி வரை படி.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டையாம்பட்டியிலிருந்து கனிஷ்காவைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்றைக்கு நான் மரியாதை தெரியாமல் நடந்துகொண்டேன் என்று உன் மாமன் ஜெகதீஸ்வரன் உன்னிடம் சொல்லியிருக்கிறான். என் கூடப்பிறந்த தம்பிதான், ஆனாலும் பாதியைத்தான் சொல்லியிருப்பான். அவள் முட்டி ஆப்பரேசன் பேச்சை எடுக்கவே கூடாது என்று நீங்கள் இருவரும் போனிலேயே முடிவு செய்துவிட்டீர்கள். சேலை கட்டினால் தழும்பு தெரியாது, சரி. காபி கொடுத்து முடிந்ததும் உன் மாமன் அவளிடம், "பெரியவங்க கால்ல உழுந்து கும்பிட்டுக்க சாமி" என்றான். மண்டி போட்டு முழு எடையையும் அந்த முட்டியில் வைக்க இன்னும் நாள் ஆகும் என்று பிசியோ அறிவுச்செல்வி சொன்னபோது அவனும்தானே பக்கத்தில் நின்றான்? இந்தப் பெண்ணும் சபையில் மறுக்கத் தெரியாமல் குனிந்துவிட்டாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து, "உழுகாத கண்ணு, நின்னுக்கிட்டே கும்பிடு" என்றேன். மாப்பிள்ளையின் அம்மா வசந்தாமணி, "ஏனுங்க, புள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்று கேட்டார். உன் மாமன், "ஒண்ணுமில்லீங்க, சும்மா சுளுக்குங்க" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. "சுளுக்கில்லீங்க, கபடி ஆடறப்ப முட்டிக்குள்ள ஜவ்வு அறுந்து, ஆப்பரேசன் பண்ணி அஞ்சு மாசமாச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். "அப்ப இனி கபடிக்குப் போகாதுங்களே?" என்றார். "போகுமுங்க" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த மரியாதைக் குறைவு. அவர்கள் போனதும் உன் மாமன் வாசலில் நின்றுகொண்டு, "ஏக்கா, உன்ற வாயி ஒரு நா ஊட்டைக் கெடுக்கும்" என்றான். "உன்ற பொய்யி அதுக்கு முந்தியே அவ முட்டியக் கெடுத்திருக்கும்" என்றேன். சாப்பிடாமல் போய்விட்டான்.

ஆட்டத்தை விட்டுவிடுகிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்களுக்குச் சம்மதமாம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லி நீ எனக்கு உத்தரவு போடுகிறாய். அந்த முட்டி எப்படி நிமிர்ந்தது என்று உனக்குத் தெரியுமா? போன தை மாதம் ஆட்டத்தில் திரும்பும்போது டப்பென்று சத்தம் கேட்டது என்று அவள் சொன்னாள். எலும்புதான் விலகியிருக்கும் என்று நான்தான் அவளைக் கட்டுக்காரரிடம் கூட்டிப்போனேன். நம் பண்ணை முட்டையையே ஒரு அட்டை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினார். நாற்பது நாள் அசையக்கூடாது என்றார், அசையவிடாமல் காவல் இருந்ததும் நான்தான். கட்டைப் பிரித்தபோது தொடை என் கை அளவுக்கு வற்றிப்போய், கால் மடங்கவும் இல்லை, முழுதாக நீளவும் இல்லை. அறுந்த ஜவ்வுக்குக் கட்டு எதற்கு, இப்படி விறைத்த முட்டியில் நான் கத்தி வைக்க மாட்டேன், முதலில் மடக்கி நீட்டிக் கொண்டுவாருங்கள் என்று சேலத்து டாக்டர் திருப்பி அனுப்பினார். அந்தத் தப்பு என்னுடையது, யார் கேட்டாலும் சொல்வேன். அதனால்தான் இன்னொருவர் பேச்சைக் கேட்டு அந்தக் காலை மறுபடியும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

எட்டாம் வகுப்புப் படித்தவளுக்கு என்ன தெரியும் என்று நீ சிரிக்கலாம். அவளுடைய பள்ளிக்கூட டப்பாவிலிருந்து கோணமானியை எடுத்து முட்டி எத்தனை பாகை மடங்குகிறது என்று ஆப்பரேசனுக்கு முன்பும் பின்பும் தினம் அளந்தவள் நான். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அமுக்கச் சொல்லித் தொடை இறுகுகிறதா என்று கை வைத்துப் பார்த்தவளும் நான்தான். அறிவுச்செல்வி எழுதிக் கொடுத்த தாளில் புரியாததைப் போன் போட்டுக் கேட்டேன், கேட்டும் புரியாததை வீடியோவில் பார்த்தேன். இப்போது தண்ணீர்த் தொட்டிப் படியில் தீவனப் பையில் பாதியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஏறி இறங்குகிறாள். டேப்பால் அளந்தால் இரண்டு தொடைக்கும் ஒரு விரல்கடை வித்தியாசம்தான். வலியில்லை என்பதற்காக ஓடிவிடவும் கூடாது, உள்ளே வைத்த புது ஜவ்வு வலுப்பெற இன்னும் மாதங்கள் ஆகும். வரும் தையில் ஒற்றைக் காலில் தாண்ட வைத்துப் பார்ப்பார்கள். நல்ல கால் தாண்டும் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இந்தக் கால் தாண்ட வேண்டும், பலத்தையும் தனியாகச் சோதிப்பார்களாம். தேறுவாள் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்று அறிவுச்செல்வியே சொல்கிறாள். தேறாவிட்டால் அப்போது யோசிப்போம். முயற்சி செய்யும் முன்பே தோற்றுவிட்டேன் என்று அவளைச் சொல்லச் சொல்ல நீ யார்? நான் யார்?

உன் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, ஆட்டத்தை விட்டுவிடுகிறாயா என்று கேட்டேன். "பதினேழு, பதினெட்டு, நான் உடறதா இல்லம்மா, பத்தொம்போது" என்றாள். அன்றைக்கே வசந்தாமணிக்குப் போன் செய்து, இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டேன். "செரிங்க, புள்ளை நல்லாருக்கட்டும்" என்றார். அவர் நல்ல மனுசி, அவர்மேல் எனக்குக் குறை இல்லை. அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், போனை வைத்ததும் சரி என்று தலையாட்டினார்.

நீ துளை போடும் இடமெல்லாம் தண்ணீர் பீறிட்டு வரட்டும், நோய் நொடி இல்லாமல் நெடுநாள் இரு. வெயிலில் வெறும் வயிற்றோடு நிற்காதே. மறக்காமல் இந்த வாரம் உன் தங்கைக்குப் போன் போடு. கல்யாணம் பற்றிப் பேசாதே, புத்தி சொல்லாதே. இன்றைக்குக் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். ஆப்பரேசன் ஆன நாளிலிருந்து நீ ஒருவன்தான் அதைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
சொன்ன சொல்லை மாற்றாத உன் அம்மா
ரா. சென்னியம்மாள்