வேட்டைநாய் சூறையை முரசடியில் கட்டியது குறித்து

நலம் பெருகுக. கடல்சூழ் நாவலந்துறையின் காவலன் வயமான் சேந்தன், கூர்மலை நாட்டை அறம் வழுவாது ஆண்டுவரும் கோமகள் நன்னாகையார் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் மலைகளில் மழை தவறாது பொழிக. தங்கள் குடிகள் பிணியின்றி வாழ்க.

இதை எழுத்தரிடம் சொல்லி எழுதுவிக்க நாணி யாமே எழுதினோம். எழுத்துப் பிழைகளைப் பொறுத்தருள்க.

நம் இரு நாடுகளும் போர் ஒழித்துக் கைகோத்த நாளில், தாங்கள் குட்டியிலிருந்து வளர்த்த சூறை என்னும் வேட்டைநாயை உறவின் அடையாளமாக எமக்கு அளித்தீர்கள். காட்டுப்பன்றிக்கும் பின்வாங்காத நாய் என்றீர்கள். அது மெய்யென எம் காடுகளில் கண்டோம். ஆயின் கடல்விழாவின் தொடக்கமாக அவைக்களத்தை அடுத்த முரசுமாடத்தில் பெருமுரசு அதிர்ந்தபோது, சூறை நடுநடுங்கி ஓடிவந்து, அனைவரும் காண எம் அரியணையின் கீழ்ப் புகுந்து சிறுநீர் கழித்துவிட்டது. அவையோர் நகைத்தனர். அந்நகை எம்மைக் குறித்தது என்று எண்ணிச் சினந்தோம். பழகினால் அச்சம் தெளியும் என்று சொல்லி, அதை முரசுமாடத்தின் அடியில் சங்கிலியிட்டுக் கட்டுமாறு ஆணையிட்டோம்.

விழா முடியும்வரை முரசு ஓயவில்லை. யாம் சென்று பார்க்கவில்லை. எம் தேவி அல்லிக்கோதையே சென்றாள். சங்கிலியைக் கடித்துக் கடித்துச் சூறையின் முன்பற்கள் உடைந்திருந்தன, வாயெல்லாம் குருதி. அவள் தன் கையால் அவிழ்த்துத் தூக்கிவந்து அவை நடுவே கிடத்தி, “அஞ்சியபோது உம் காலடியைத்தானே தேடி வந்தது? இதையா கட்டிவைத்தீர்?” என்று கேட்டாள். ஒருவரும் நகைக்கவில்லை.

தடித்த சுவர்களையுடைய நெற்களஞ்சியத்தில் வைக்கோல் பரப்பி, அதைச் சூறையின் இடமாக்கினாள் தேவி. எந்நேரமும் அது புகுந்துகொள்ளக் கதவு திறந்தே இருக்கிறது. காயம் ஆறியபின், ஆற்றுக்கு அக்கரையில் சிறுபறை ஒன்றை மெல்லத் தட்டச் செய்து, ஒலி கேட்கும்தோறும் இறைச்சி ஊட்டினாள். அது காதுகளைத் தளர்த்திப் படுத்த பின்னரே பறையைச் சற்று அருகே வரச் சொன்னாள். நடுங்கினால் மீண்டும் தொலைவுக்கு அனுப்பினாள். யாமும் சென்று வைக்கோலில் அமர்ந்தோம். எம்மைக் கண்டதும் சூறை சுவரை நோக்கித் திரும்பிக்கொண்டது. பகைவர் முன்பும் தாழாத எம் தலை அங்கே தாழ்ந்தது. நெடுநாள் கழித்தே எம் கையிலிருந்து உண்டது. சிறுபறையை இப்போது பொறுத்துக்கொள்கிறது. இடி கேட்டால் இன்றும் களஞ்சியத்துக்கு ஓடுகிறது. அச்சம் முற்றும் நீங்கிற்று என்று பொய்யுரையோம்.

தங்கள் தூதர் வரவிருக்கும் செய்தி கேட்டு, பற்கள் பன்றிவேட்டையில் உடைந்தன என்று சொல்லிவிடலாம் என அமைச்சர் உரைத்தனர். யாம் செய்த கொடுமையை அதன் வீரத்தின் பின்னே ஒளித்துவைக்க எம் மனம் ஒப்பவில்லை.

சூறையை மீண்டும் அழைத்துக்கொள்ளத் தாங்கள் விரும்பின், அதற்குப் பழகிய ஒருவரைத் தூதருடன் அனுப்புக. யாம் தடுக்கமாட்டோம், அதனால் நம் உறவு முறிந்ததாகவும் கொள்ளமாட்டோம். எம்மிடமே விட்டுவைக்கும்படி கேட்கும் தகுதி எமக்கில்லை.

அரண்மனை எல்லைக்குள் பெருமுரசு இனி அறையப்படலாகாது என ஆணையிட்டுள்ளோம். ஆகவே தங்கள் தூதர் முரசொலியின்றியே எம் வாயிலில் வரவேற்கப்படுவர். அதை அவமதிப்பாகக் கொள்ளற்க.

சங்கு இலச்சினை பொறித்து, வயமான் சேந்தன்.