ஆறரைக் கிலோ

கோவில்பதாகை, ஆவடி
1.9.2025

தீபிகா அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத உட்கார்ந்தேன். எல்லோரும் என்பது இப்போது நான் ஒருத்திதான். ஓசூர் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் நாலாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. "ரெண்டு பேரும் போனைத் தொடாதீங்க. லெட்டர் எழுதிக்குங்க, என்னை நடுவுல நிக்க வைக்காதீங்க" என்று நம் பெண் பூனாவிலிருந்து கத்திவிட்டாள். பெற்ற பெண்ணிடம் திட்டு வாங்கும் வயதா எனக்கு?

விஷயம் இதுதான். வாஷிங் மெஷின் போய்விட்டது. நீங்கள் மே மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்தே முனகிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தண்ணீர் நிறைய வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. குவளையால் மொண்டு மொண்டு கொட்டினேன். மெக்கானிக் வேம்புலி வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "யக்கா, மோட்டாரு பூட்ச்சி. அடியில ஃபுல்லா துரு புட்ச்சிகினு கீது. பதினாலு வருசம் ஓடிச்சே, அதுவே பெருசு. புச்சா ஒண்ணு வாங்கிடு" என்றான்.

மாடியில் குடியிருக்கும் ஷர்மிளா அவள் மெஷினில் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். ஈரப் புடவையைத் தூக்கிக்கொண்டு எத்தனை நாள் படி ஏறி இறங்குவது? கையால்தான் துவைக்கிறேன். வலது தோள் கழன்று விழுகிறது.

எந்த மெஷின் வாங்கலாம்? ஒரே வரியில் எழுதினால் போதும்.

பஞ்சவர்ணம்


ஓசூர்
5.9.2025

அன்புள்ள வர்ணத்துக்கு,

கடிதம் கண்டேன். மூட்டுவலி பரவாயில்லை. தைலம் இருக்கிறது.

ஒரே வரியில் எழுதக் கேட்கிறாய். டாங்கி ஃபாக்டரியில் முப்பத்து நான்கு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். ஒரு போல்ட்டைக்கூட ஒரு வரி எழுதிப் பாஸ் பண்ணியதில்லை. விவரம் இல்லாமல் எதை வாங்கினாலும் இரண்டே வருடத்தில் வேம்புலிக்குத்தான் கொண்டாட்டம்.

முதலில் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கிப் பார். நுரைக்கிறதா, திரிகிறதா என்று எழுது. பிறகு, மொட்டைமாடித் தொட்டிக்கும் துவைக்கிற இடத்துக் குழாய்க்கும் எத்தனை அடி உயரம் என்று அளக்கச் சொல். மூன்றாவதுதான் முக்கியம். துவைக்கும் முன் துணியைக் காய்ந்தபடியே எடை போடு. ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு வாரம். தீபிகா ஏர்போர்ட் பெட்டிக்கு வாங்கிய தொங்கு தராசு என் பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது. பாதி டிரம்மாவது துணி இருக்க வேண்டும், முக்காலைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கில்தான் எத்தனை கிலோ மெஷின் என்று முடிவு செய்ய முடியும்.

இன்னொன்று. இங்கே என் ஆறு மாத ஒப்பந்தம் அக்டோபர் 31-ல் முடிகிறது. மேலும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்? போகச் சொன்னது நீ. வரச் சொல்ல வேண்டியதும் நீதான். நானாக வந்து வாசலில் நிற்க மாட்டேன்.

அன்புடன்,
கங்காதரன்


கோவில்பதாகை
10.9.2025

தீபிகா அப்பாவுக்கு,

ஒரு வரி கேட்டேன். பரீட்சைத் தாள் அனுப்பியிருக்கிறீர்கள். நான் என்ன பீரங்கியா வாங்கப் போகிறேன்?

சரி, கேட்டுத் தொலைத்துவிட்டேன், செய்தேன். சோப்புத் தண்ணீர் கெட்டுப்போன பால் மாதிரி திரிந்துவிட்டது. தொட்டி உயரத்தை ஷர்மிளா வீட்டுக்காரர் அமல்ராஜ் டேப் வைத்து அளந்தார், எட்டடி. "சார் ஊர்ல இல்லாமலே வேலை வாங்குறாரே ஆன்ட்டி" என்று அவர் சிரித்ததில் எனக்கு மானம் போனது. எடை மட்டும் போடவில்லை. அழுக்குத் துணியைத் தராசில் தொங்கவிட எனக்கென்ன பைத்தியமா?

நேற்று சி.டி.எச். ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். தீபாவளி ஆஃபராம். முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது ஒன்று, பார்க்க அழகாக இருக்கிறது. மிக்சி இலவசம். நோட்டீஸ் இணைத்திருக்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், நாளைக்கே வாங்கிவிடுகிறேன்.

நான் உங்களைப் போகச் சொன்னேனாம்! என்ன அநியாயம் இது? "நீங்க ஒருத்தர் இல்லாட்டி எனக்கு வேலை பாதி குறையும்" என்று சொன்னேன். இல்லையென்று சொல்லவில்லை. ரிட்டையர் ஆன பன்னிரண்டாவது நாள் என் அடுக்களையில் இருக்கும் டப்பா அத்தனையிலும் "சரிபார்க்கப்பட்டது" என்று தேதி போட்டுச் சீட்டு ஒட்டினால், எந்தப் பொம்பளையும் அதைத்தான் சொல்வாள். அதற்காக ஒரு மனிதர் ஓசூரில் போய் வேலை தேடிக்கொள்வாரா? ஒப்பந்தம் உங்களுடையது, கையெழுத்து உங்களுடையது. என்னைக் கேட்காதீர்கள்.

பஞ்சவர்ணம்


ஓசூர்
12.9.2025

அன்புள்ள வர்ணத்துக்கு,

நோட்டீஸில் கண்ட மெஷின் நிராகரிக்கப்படுகிறது.

கோபப்படாதே, காரணம் சொல்கிறேன். தொட்டி எட்டடிதான் உயரம், அந்த மாடலுக்குத் தண்ணீர் வேகம் போதாது, நடுவில் நின்று நின்று ஓடும். அத்துடன், முன்பக்கம் கதவு என்றால் ஒவ்வொரு தடவையும் குனிந்து எடுக்க வேண்டும். உன் இடுப்புக்கு அது ஆகாது. போன வருடம் பொங்கலுக்குக் கோலம் போட்டுவிட்டு எழுந்திருக்க முடியாமல் நீ பட்ட பாடு எனக்கு மறக்கவில்லை. மேல்பக்கம் திறக்கிற மெஷினாகப் பார். மிக்சிக்காக யாராவது வாஷிங் மெஷின் வாங்குவார்களா?

எடை போடச் சொன்னேனே. போடாமல் அடுத்த முடிவு எடுக்க முடியாது. தராசில் துணி தொங்கினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு போடு.

ஒப்பந்தத்தைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. மானேஜர் தினமும் கேட்கிறார். இங்கே மெஸ் சாப்பாடு சுமார். சட்டைகளை வாளியில் ஊறப்போட்டு நானே கசக்கிக்கொள்கிறேன். காலர் மட்டும் வெளுக்க மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
கங்காதரன்


கோவில்பதாகை
28.9.2025

தீபிகா அப்பாவுக்கு,

இதோ உங்கள் எடை. சந்தோஷமா? முதல் வாரம் திங்கள் ஒரு கிலோ இருநூறு, புதன் ஒரு கிலோ நூறு, வெள்ளி ஒரு கிலோ இருநூறு. இரண்டாவது வாரம் திங்கள் மூன்று கிலோ நூறு, புதன் மூன்று கிலோ, வெள்ளி மூன்று கிலோ நூறு. அத்தனையும் கையால் துவைத்தேன். நேற்று கை வீங்கி, சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். ஒரு மெஷின் வாங்குவதற்குள் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவீர்கள் போலிருக்கிறது.

நீங்கள் அட்டவணை போட்டுக்கொண்டே இருங்கள். நான் ஒரு காரியம் செய்தேன். வேம்புலியைக் கூப்பிட்டு ஒரு டீ கொடுத்து, "எந்த மெஷினு உன் கைக்கு ரிப்பேருக்கே வர்றதில்ல?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான். "இன்னாக்கா, என் பொழப்புல மண்ண அள்ளிப் போடறியே" என்றான். அப்புறம் டீயைக் குடித்துவிட்டுச் சொன்னான்: "மேல தொறக்கற மாடல்ல ஒண்ணு கீதுக்கா. ஆவடில நூறு ஊட்டுக்கு மேல வாங்கிகீறாங்க. ஆறு வருசத்துல நான் போனது ரெண்டே ஊடு. அதுவும் எலி ஒயர கட்ச்சதுக்கு." பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன், இணைத்திருக்கிறேன். இதையும் நிராகரித்தால் அடுத்த கடிதம் நம் பெண்ணுக்குத்தான் போகும்.

பஞ்சவர்ணம்


ஓசூர்
2.10.2025

அன்புள்ள வர்ணத்துக்கு,

வேம்புலியிடம் கேட்டது பிரமாதம். முப்பத்து நான்கு வருடத்தில் எனக்கு இந்த யோசனை வந்ததில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன். நான் இங்கே விசாரித்துவிட்டேன், துரு ஏறாத டிரம், நல்ல மோட்டார், உப்புத் தண்ணீரைத் தாங்கும். அந்த மாடல் ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

ஆனால் எடையில் ஏதோ தவறு. ஒரு கிலோ இருநூறு எப்படி ஒரே வாரத்தில் மூன்று கிலோ ஆகும்? தராசில் பேட்டரி தீர்ந்திருக்கும். எப்படியானாலும் எட்டு கிலோவுக்குக் குறையாமல் வாங்கு. வீட்டில் ஆள் கூடினால் சின்னது போதாது.

கையை வெந்நீரில் வை. தீபாவளிக்கு மூன்று நாள் லீவு. வருவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அன்புடன்,
கங்காதரன்


கோவில்பதாகை
6.10.2025

தீபிகா அப்பாவுக்கு,

வாங்கிவிட்டேன். நீங்கள் ஏற்றுக்கொண்ட அதே மாடல். ஆறரைக் கிலோ.

எட்டு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இந்த வீட்டுக்கு ஆறரை போதும். என் கணக்கு எனக்குத் தெரியும். தராசில் ஒரு கோளாறும் இல்லை, பேட்டரியும் புதிது.

மெஷின் அட்டைப்பெட்டியோடு ஹாலில் நிற்கிறது. மாட்டிக் கொடுக்க கம்பெனி ஆள் 18-ஆம் தேதிதான் வருவானாம். இன்னும் பன்னிரண்டு நாள் கல்லும் கையும்தான். வேலை இருக்கிறது, நிறுத்துகிறேன்.

பஞ்சவர்ணம்


ஓசூர்
10.10.2025

திருமதி பஞ்சவர்ணம் கங்காதரன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஆறரைக் கிலோ வாங்கியது குறித்து மகிழ்ச்சி. ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு அதுவே தாராளம். எட்டு என்று நான் எழுதியது என் ஆசையால் எழுதியது. தாங்கள் யோசித்துத்தான் முடிவு செய்திருக்கிறீர்கள் என்று புரிகிறது.

ஒரு வருடத்துக்கான ஒப்பந்தத் தாளை மானேஜர் கொடுத்துவிட்டார். இருபதாம் தேதிக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். தீபாவளிக்கு வரவில்லை. என் பீரோ இடத்தை அடைத்தால் அதிலுள்ள துணிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

மெஷினை மாட்டும்போது நாலு காலும் சமமாக இருக்கிறதா என்று தம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்க்கவும்.

கங்காதரன்


கோவில்பதாகை
13.10.2025
ஸ்பீட் போஸ்ட்

என்னங்க,

கடிதத்தைப் படித்துவிட்டு அழுகையாக வந்தது. அப்புறம் வயிற்றெரிச்சல். "திருமதி அவர்களுக்கு" என்று எழுத எப்படி மனசு வந்தது உங்களுக்கு? முப்பத்து நான்கு வருடம் என்னத்தை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிக் கிழித்தீர்கள்? கையில் கொடுத்த கணக்கைப் படிக்கத் தெரியவில்லையே!

இரண்டாவது வாரம் மூன்று கிலோ எப்படி வந்தது? முதல் வாரம் முடிந்து தராசைத் திருப்பி வைக்க உங்கள் பீரோவைத் திறந்தேன். மே மாதம் மடித்து வைத்த துணி, ஒரே மக்கல் வாடை. அப்படியே விட மனசு வரவில்லை. நீங்கள் இங்கே இருந்தால் ஒரு தடவைக்கு என்ன போடுவீர்களோ அதே அளவு, மூன்று சட்டை, இரண்டு பேன்ட், லுங்கி, துண்டு, என் துணியோடு சேர்த்து எடை போட்டு மூன்று நாளும் துவைத்தேன். கை வீங்கியது அதனால்தான். கடையில், "வீட்ல எத்தினி பேரும்மா?" என்று கேட்டார்கள். ரெண்டு பேர் என்றேன். ஆறரையில் மூன்று கிலோ போட்டால் பாதி டிரம். அது நீங்கள் எழுதின கணக்குத்தானே? எட்டு வாங்கினால் பாதிகூட நிறையாது. என் துணி மட்டும் என்றால் எனக்கெதற்கு மெஷின்? ஒரு வாளி போதாதா?

நீங்கள் இல்லாவிட்டால் வேலை பாதி குறையும் என்று சொன்னேன் அல்லவா, எடை போட்டுப் பார்த்ததில் பாதிக்கு மேலேயே குறைகிறது. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த வேலை குறைந்து எனக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை என்று இந்த ஐந்து மாதத்தில் தெரிந்துகொண்டேன். டப்பாக்களில் நீங்கள் ஒட்டிய சீட்டை இன்னும் பிய்க்கவில்லை. இனி ஒட்டாதீர்கள், அவ்வளவுதான்.

கம்பெனி ஆள் சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறான். தம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்ப்பது, குழாய் ஒழுகுகிறதா பார்ப்பது எல்லாம் எனக்கு வராது. வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி பிடித்தால் விடியற்காலம் வந்துவிடலாம். காலர் வெளுக்காத சட்டையெல்லாம் கட்டி எடுத்து வந்துவிடுங்கள், முதல் தடவைக்கு அதைத்தான் போடப் போகிறேன். ஒப்பந்தத் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுங்கள்.

வரச் சொன்னால்தான் வருவேன் என்றீர்கள். வாருங்கள். எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

உங்கள்,
வர்ணம்