விழுந்து கிடந்தவன் என் தம்பி

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட என் சரவணனுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் பேச்சு வந்தால் வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள். எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. யாரிடம் சொன்னாலும் விதி என்கிறார்கள். அதனால் உன்னிடமே சொல்கிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

அன்று என்ன நடந்தது என்று உனக்கே முழுதாகத் தெரிந்திருக்காது. காலையில் சர்க்கரைக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமல் களம்பூர் ரைஸ் மில்லுக்குக் கிளம்பினாய். ஆரணி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தபோது உடம்பில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. தள்ளாடியிருக்கிறாய். தூணைப் பிடிக்கப் போய் அப்படியே சரிந்திருக்கிறாய். அப்போது மணி ஒன்பது. உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. மூன்று மணி நேரம்டா. சுற்றிலும் அத்தனை ஜனம். அவசரத்துக்கு என்று நீ சட்டைப் பையில் வைத்திருந்த குளுக்கோஸ் பொட்டலம் பிரிக்காமலே என் கைக்கு வந்தது.

காரியம் முடிந்த மறுநாள் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். யார் பார்த்தீர்கள், ஏன் தூக்கவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். டீக்கடைக்காரர் முதலில் எதையும் பார்க்கவில்லை என்றார். விடாமல் நின்றதும், கடைக்கு வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருந்ததால் உன் காலைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். பூ விற்கிற முனியம்மா ஒருத்திதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"குடிச்சிட்டு படுத்துகினு இருக்கான்னு நெனச்சிட்டேம்மா. தெனம் நாலு பேரு இப்டித்தான் கெடக்கறாங்க. யாரன்னு எழுப்பறது?"

என் தம்பி குடிக்கிறவன் இல்லை என்று அங்கேயே கத்தினேன். கல்யாண வீட்டில்கூட ஒரு சொட்டு தொடாதவன் நீ. அதன் பிறகு போகிற இடமெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தம்பி குடிக்கிறவன் இல்லை, என் தம்பி குடிக்கிறவன் இல்லை.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஊரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அன்று பத்து மணி வாக்கில் நான் தறியில் உட்கார்ந்திருந்தேன். நம் முள்ளிப்பட்டுத் தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. பஸ் ஸ்டாண்டு தரையில் ஒருவன் கிடக்கிறான், முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது. 'காலங்காத்தாலயே கச்சேரி' என்று கீழே எழுதியிருந்தது. சிரிக்கிற பொம்மைகளாக வந்து விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்து மறுபடி நெய்ய ஆரம்பித்தேன்.

அது நீதான்டா. பொங்கலுக்கு நானே எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. எனக்கு எப்படித் தெரியாமல் போனது? அவன் யார் என்று நான் பார்க்கவே இல்லை, அதனால்தான்.

அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டவர் மூன்றாவது வீட்டு சேகர். அவரிடம் கேட்டபோது, தனக்கு யாரோ அனுப்பியதைத் தானும் அனுப்பியதாகச் சொன்னார். உன் சாவுக்கு மாலை வாங்கி வந்தவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த நர்ஸ் எஸ்தர் அக்காவிடம் போனேன். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் அவர் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். நினைவு இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரை கொடுக்கலாம். நினைவு இல்லையென்றால் வாயில் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது, மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். மூச்சே இல்லையென்றால் மார்பை எப்படி அழுத்துவது என்று சுருட்டிய மெத்தையை வைத்துக் காட்டினார். ரோட்டு விபத்தில் உதவி செய்கிறவர் தன் பேரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, போலீஸ் அவரைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். இத்தனை வயதுக்கு இது எனக்குத் தெரியவில்லையே. யார் நமக்குச் சொன்னார்கள்? நாமாவது எங்கே கேட்டோம்?

தெருவில் வீடு வீடாகப் போய், நான் கற்றதை எல்லோருக்கும் காட்டுகிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டேன். வருகிறேன் என்றவர்கள் நிறையப் பேர். வந்தது இரண்டு பேர். பஸ் ஸ்டாண்டில் இதை எழுதி ஒரு போர்டு வைக்க மனு எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் மேசை மேசையாக நின்றேன். கடைசி மேசைக்காரர் மனுவைப் பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்:

"உங்க தம்பிதான் போயிட்டாரே. இனிமே எதுக்கும்மா போர்டு?"

மனுவை அவர் மேசையிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கி வந்தேன். போன மாதம் வரை நான் பட்டது இதுதான்.

போன மாதம் நெய்த சேலையை முதலாளியிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு வந்தேன். கட்டணக் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒருவர் மல்லாந்து கிடந்தார். ஜனம் சுற்றிக்கொண்டு போனது. ஓடிப்போய்க் குனிந்தேன். குப்பென்று சாராய நாற்றம். உண்மையைச் சொல்கிறேன், எழுந்து போய்விடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. இவன் குடிகாரன்தான், என் தம்பி மாதிரி இல்லை என்று மனசு சொன்னது. சொன்ன அந்த நொடியே என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது. இந்த ஊர் உன்னைப் பார்த்து இதைத்தானே நினைத்தது?

தட்டினேன், கூப்பிட்டேன். அசைவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. ஒருக்களிக்கப் பார்த்தால் என் ஒருத்தியால் முடியவில்லை. டீக்கடைக்காரர் கடையில் இருந்தபடியே சொன்னார்.

"இது நெஜமாவே குடிகாரன்மா. உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

"குடிச்சா சாவணுமா? வந்து காலப் பிடிங்க."

நான் கத்தவில்லை. ஆனால் அவர் கையில் இருந்த கிளாஸை வைத்துவிட்டு வந்தார். முனியம்மா பூக்கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்து தலையைத் தாங்கினாள். திருப்பிய கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் வாந்தி எடுத்தார். மல்லாந்தே கிடந்திருந்தால் மூச்சடைத்துப் போயிருப்பார் என்று ஆம்புலன்சில் வந்தவர் சொன்னார்.

அவர் பிழைத்துவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னும் எத்தினி நாளைக்கி நான் அடி வாங்கணுமோ" என்று சொல்லிவிட்டு அவருக்குக் கஞ்சி ஊட்டப் போனாள். அவள் கோபமும் நியாயம்தானே?

ஆனால் ஒன்று புரிந்தது, சரவணா. நீ குடிக்கிறவன் இல்லை என்று இத்தனை மாதமாக நான் கத்தியதே தப்பு. குடித்திருந்தால் விட்டது சரிதான் என்று நானே ஊருக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே. நீ குடித்தே விழுந்திருந்தாலும் உன்னைத் தூக்கியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு இதைக் கற்றுக்கொள்ள முனியம்மா என் வீட்டுக்கு வந்தாள், நான் கூப்பிடாமலே. டீக்கடைக்காரரின் மருமகளும் வந்தாள். சேகர் வரவில்லை. போர்டு இன்னும் வைக்கவில்லை. நாளை திரும்பவும் அந்த அலுவலகத்துக்குப் போகிறேன், இந்த முறை முனியம்மாவும் கூட வருகிறாள்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். தரையில் கிடக்கிற யாரையும் மோந்து பார்த்துவிட்டுத் தொடலாமா என்று இனி யோசிக்க மாட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிப் பார்ப்பேன். இந்தக் கோபம் ஆற வேண்டும் என்று யாரும் எனக்காக வேண்டிக்கொள்ள வேண்டாம்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, அன்று உன்னை அடையாளம் தெரியாமல் போன
உன் அக்கா,
செல்வி